குடிக்கிறவரா என்று கேட்டார்கள்

ஆகஸ்ட் 6, புதன்

பாமாயில் வந்த நாள், துவரம்பருப்பு வராத நாள், மெஷின் கைரேகை எடுக்காமல் மக்கள் சத்தம் போட்ட நாள். இந்த டைரியில் இதுவரை இவ்வளவுதான் இருக்கிறது. ரேஷன் கடையில் பில் போடுகிறவளுக்கு வேறு என்ன எழுத இருக்கிறது? இன்று வேறு எழுத வேண்டியதாகிவிட்டது.

காலையில் கடையில் நல்ல கூட்டம். வீட்டுக்காரரோடு டைல்ஸ் ஒட்டுகிற முருகபூபதி போன் செய்தான். "மதினி, பதறாதீங்க. அண்ணன் ரத்தமா வாந்தி எடுத்துட்டாரு. நம்மூரு ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போறோம். வந்துருங்க."

வேலை நடக்கிற ஒரு புது வீட்டுக் குளியலறையில் வெள்ளைக் கல் ஒட்டிக்கொண்டிருந்தாராம். குமட்டுது என்று எழுந்தவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். நான் போனபோது சட்டையெல்லாம் ரத்தம். என்னைப் பார்த்ததும், "சுவத்துல பட்டது காயுறதுக்குள்ள துடைக்கச் சொல்லு மாரி. ஊடால சிமெண்டு ஈரமா இருக்கு, கறை பிடிச்சுக்கும்" என்றார். அதைத்தான் முதலில் சொன்னார்.

பிரஷர் இறங்கிக்கொண்டே போகிறது என்று ஆம்புலன்ஸில் ஏற்றி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வண்டியில் இருந்த நர்ஸ் பெண் கேட்டாள். "குடிக்கிறவரா?"

"இல்லைம்மா."

"எத்தன வருசமா?"

நான் சொன்னது சைரன் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. அவசர சிகிச்சையில் ஒரு டாக்டர் கேட்டார். வார்டில் ஒரு நர்ஸ் கேட்டார். எல்லோருக்கும் இல்லை என்றுதான் சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து இவர் குடித்து நான் பார்த்ததில்லை.

ரத்தம் ஏற்றுகிறார்கள். மகள் சுபிக்ஷா பத்தாம் வகுப்பு. அவளுக்குத் துணையாக இவருடைய அம்மா, என் அத்தை, வீட்டில் இருக்கிறார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பக்கத்துக் கட்டிலில் சோலைராஜ் என்று ஒரு லோடு வண்டி டிரைவர். அவருக்கும் ரத்த வாந்திதான். மனைவி பாண்டிமீனா பல் தேய்க்கிற இடத்திலேயே என்னோடு பேச்சுக் கொடுத்தாள்.

"எங்காளு குடிச்சுக் குடிச்சே ஈரலைக் கெடுத்துக்கிட்டாருக்கா. இங்க வர்றது எங்களுக்குப் புதுசு இல்ல. உங்க வீட்டுக்காரரு எப்பருந்து?"

"அவரு குடிக்க மாட்டாரு."

அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மொதத் தடவ வந்தப்ப நானும் அப்படித்தான்க்கா சொன்னேன்" என்றாள்.

இங்கே மேற்படிப்புப் படிக்கிற டாக்டர் நிலோஃபர் வந்து விவரம் கேட்டார். சின்னப் பெண். ரத்த வாந்தியோடு வந்து சேருகிறவர்களுக்கு என்ன காரணம், எந்தக் காரணம் எத்தனை பேருக்கு என்று ஆய்வு செய்கிறாராம். இவரிடம் பொறுமையாகக் கேட்டார். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனதா? போனதாம். ஆடி பிறந்ததிலிருந்தே போகிறதாம். என்னிடம் சொல்லவே இல்லை. வலி மாத்திரை சாப்பிடுவீர்களா? குத்துக்காலிட்டு வேலை செய்கிற முழங்கால், வலி வந்தால் மருந்துக்கடையில் ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்வார். அதையும் சொன்னார்.

நான் வெளியே போய் டாக்டரைத் தனியாகக் கேட்டேன். "மாத்திரைனாலதான் மேடம் இருக்கும்?"

"இருக்கலாம்மா. வாய் வழியா ரத்தம் வந்தா ஒரே காரணம் கிடையாது. வலி மாத்திரையில வயித்துல புண்ணு வந்து அதுல கசியும். சிலருக்குக் கட்டி இருக்கும். விடாம ஓங்கரிச்சு வாந்தி எடுத்தாலே உள்ள கீறல் விழுந்து ரத்தம் வரும். ஆனா இந்த வார்டுல நான் பார்த்ததுல பாதிக்கு மேல ஈரல் கெட்டவங்க. அதுலயும் பெரும்பாலும் குடி. குழாய் விட்டுப் பார்த்தாத் தெரிஞ்சுரும்."

புண்ணாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். புருஷன் வயிற்றில் புண் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிற நிலைமை.

சாயங்காலம் கூப்பிட்டுச் சொன்னார்கள். புண் இல்லை. உணவுக்குழாயின் அடியில் ரத்தக்குழாய்கள் புடைத்துக்கொண்டு நிற்கின்றனவாம். அதில் ஒன்று வெடித்திருக்கிறது. ரப்பர் வளையம் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். ஈரல் சுருங்கிப்போனால்தான் இப்படி வருமாம்.

"எதனால மேடம் சுருங்குச்சு?"

"அதுக்குத்தான் ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கு." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நெசமாவே குடிக்க மாட்டாராம்மா?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வாந்தி இல்லை. கஞ்சித் தண்ணீர் குடித்தார். கடை சாவியை ஒப்படைக்க அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அத்தை சுபியைக் கூட்டிக்கொண்டு வந்தார். சுபி அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, டியூஷனில் வைத்த டெஸ்ட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். இவரும் சிரித்துக்கொண்டே கேட்டார். கண் மட்டும் நல்ல மஞ்சள்.

அத்தை கட்டிலருகே வரவே இல்லை. கால்மாட்டில் நின்று மகனின் வயிற்றைப் பார்த்தார். வயிறு உப்பி, கை கால் குச்சியாக இருக்கிறது. வெகுநேரம் பார்த்துவிட்டு, "நீயுமாடா சீனி?" என்றார்.

இவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. சுபி, "என்ன அப்பத்தா?" என்றாள். அத்தை வெளியே போய்விட்டார்.

அந்த 'நீயுமா' என்னவென்று எனக்குத் தெரியும். இவருடைய தம்பி ஜெயக்கொடி. எனக்குக் கொழுந்தன். பெயிண்ட் அடிக்கிற வேலை. சுபி கைக்குழந்தையாக இருந்தபோது இறந்துபோனார். இப்படித்தான், வயிறு உப்பி, ரத்தமாகக் கக்கி. பொங்கல், தீபாவளி, ஊர்த் திருவிழா என்றால் அவர் குடிப்பது உண்டு. குடித்தே செத்தான் என்று ஊரே சொன்னது. அவர் பெண்டாட்டியும் பதினாறு முடிந்த கையோடு அதைச் சொல்லிவிட்டுத்தான் பிறந்த வீட்டுக்குப் போனாள். கடைசி நாளில் தண்ணீர் கேட்டவருக்கு அத்தை கொடுக்கவில்லை. "குடிச்ச வாய்க்கு நான் தண்ணி ஊத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்திருந்தார். நான்தான் ஊற்றினேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அனுப்பிய ரத்தம் உறைந்துபோய்விட்டதாம். மறுபடி எடுத்துக்கொண்டு போனார்கள்.

மாற்றுத்துணி எடுக்க ஊருக்குப் போய்விட்டு மத்தியானமே திரும்பினேன். போனது போனோம் என்று அழுக்குத் துணியையும் துவைத்துப் போட்டேன். துவைக்கும்போது சட்டைப்பையைப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். வண்டியின் சைடு பெட்டியில் பழைய துணி அடைந்து கிடந்தது, அதையும் எடுத்து உதறினேன். வேலைக்கு எடுத்துப் போகிற பையில் கரண்டி, ரசமட்டம், ரப்பர் சுத்தியல், ஒரு தண்ணீர் பாட்டில். பாட்டிலில் பாதி தண்ணீர் இருந்தது. முகர்ந்து பார்த்தேன். பழைய தண்ணீர், கெட்டுப்போயிருக்கும் அல்லவா?

முருகபூபதி எதிரே வந்தான். "ஏம்ப்பா, வேலை முடிஞ்சு நீங்கள்லாம் எங்கயாச்சும் போவீங்களா?" என்று சும்மாதான் கேட்டேன்.

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. "மதினி, நாங்க போவோம். இல்லேங்கலை. அண்ணன் வெளிய வண்டியில உக்காந்து டீ குடிப்பாரு. நாங்க ஓட்டக்கூடாதுன்னு ஒவ்வொருத்தனையா வீட்ல எறக்கி விட்டுட்டுத்தான் அவரு வருவாரு. அண்ணனையா கேக்குறீங்க?"

கூட்டாளியை யார் விட்டுக்கொடுப்பார்கள்? நான் சந்தேகத்தில் கேட்கவில்லை. டாக்டர் கேட்டால் சொல்ல வேண்டுமே என்றுதான் கேட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சோலைராஜ் எழுந்து நடமாடுகிறார். வராந்தாவரை போய் வருகிறார். இட்லி கேட்டுச் சண்டை போடுகிறார். பாண்டிமீனா திட்டிக்கொண்டே வாங்கி வருகிறாள்.

"ஒத்துக்கிட்டா வைத்தியம் சுலபம்க்கா" என்றாள் என்னிடம். "எங்காளும் மொதல்ல சத்தியமா இல்லேன்னாரு. அப்புறம் டாக்டரு தனியாக் கூப்பிட்டுக் கேட்டப்ப ஒப்பிச்சாரு. அதுக்குத் தகுந்த மருந்து குடுத்தாங்கள்ல."

அது நியாயமாகத்தான் பட்டது. மத்தியானம் இவருக்குத் தயிர்சாதம் ஊட்டும்போது மெதுவாகக் கேட்டேன்.

"ஏங்க, என்னைக்காச்சும் ஒரு நாள் ரெண்டு நாளு குடிச்சிருந்தாக்கூடப் பரவாயில்ல. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். டாக்டருக்குத் தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி பார்ப்பாங்கல்ல."

இவர் வாயிலிருந்த சோற்றை விழுங்கவில்லை. என்னையே பார்த்தார்.

"ஒனக்கு அப்படித் தோணுதா மாரி?"

"எனக்கு இல்லைங்க. டாக்டருக்காக."

"ஒனக்குத் தோணுதான்னு கேட்டேன்."

நான் கரண்டியை மறுபடி வாயருகே கொண்டுபோனேன். அவர் போதும் என்று கையால் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த அரைக் கிண்ணம் சோறு அப்படியே இருந்தது. வெயிலுக்குக் கெட்டுவிடும் என்று நானே சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

காலையில் டாக்டர் நிலோஃபர் வந்தபோது இவரே பேச்சை எடுத்தார்.

"மேடம், நான் குடிப்பேன்னு எழுதிக்கங்க."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "அன்னைக்கு இல்லேன்னு சொன்னீங்களே?"

"இப்பச் சொல்லுறேன்ல. எழுதிக்கங்க. ரொம்ப நாளா."

"எவ்வளவு குடிப்பீங்க?"

இவர் என்னைப் பார்த்தார். "இவளுக்குத் தெரியும். கேட்டுக்கங்க" என்றார்.

டாக்டர் என்னிடம் கேட்கவில்லை. எழுதிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு மனசு லேசானது போலிருந்தது. காரணம் தெரிந்துவிட்டது, இனி அதற்கேற்ற மருந்து கொடுப்பார்கள். பாண்டிமீனாவிடம் சொன்னேன். செல்லக்கனி அக்கா போன் செய்தபோது அவளிடமும் சொன்னேன். என் கூடப்பிறந்தவள், அவளிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? "அவரே ஒத்துக்கிட்டாருக்கா" என்றேன். அக்கா, "நான் அப்பவே நெனச்சேன்டி, தம்பி போன வழிதானே அண்ணனும் போவான்" என்றாள்.

இவர் இன்று என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அசதியாக இருக்கும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

தூங்கிக்கொண்டே இருக்கிறார். எழுப்பினால் முழிக்கிறார், மறுபடி கண்ணை மூடிக்கொள்கிறார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கீழே கொடியேற்றினார்கள். வார்டுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்கள். இவருக்கு வைத்ததைத் தலையணைக்குக் கீழே வைத்தேன்.

காலையிலிருந்து ஆள் சரியில்லை. கையை நீட்டிக் காற்றில் எதையோ தடவிக்கொண்டிருக்கிறார். "இந்தக் கல்லு கோணலா ஒக்காந்திருக்கு. யாரு ஒட்டுனது? ரசமட்டம் எங்க?" என்கிறார். ஈரல் வேலை செய்யாததால் ரத்தத்தில் கழிவு சேர்ந்து மூளை குழம்புகிறதாம். வயிறு போவதற்கு இனிப்பாக ஒரு மருந்து கொடுக்கிறார்கள்.

டாக்டர் நிலோஃபர் விடுமுறையிலும் வந்தார். என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் பெஞ்சில் உட்காரச் சொன்னார். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரத்தம் ரிசல்ட் வந்துருச்சும்மா. உங்க வீட்டுக்காரருக்கு ஹெபடைட்டிஸ் பி இருக்கு. அது ஒரு கிருமி. ஈரலைத்தான் தாக்கும். வெளிய ஒண்ணுமே தெரியாது. இருபது வருசம், முப்பது வருசம்னு உள்ளயே இருந்து ஈரலைச் சுருக்கிரும்."

"குடிச்சதுனால இல்லையா?"

"குடிச்சாலும் குடிக்காட்டியும் இது வந்தா இப்படித்தான் ஆகும். ஆனா எனக்கு ஒண்ணு புரியலை. அவரோட மத்த ரிப்போர்ட்டெல்லாம் பார்த்தா ரொம்பக் குடிக்கிற ஆளு மாதிரியே இல்ல. முருகபூபதின்னு ஒருத்தர் ரத்தம் குடுக்க வந்தாரு, அவருகிட்டயும் கேட்டேன். சத்தியம் பண்ணுறாரு. அப்புறம் ஏன் இவரு குடிப்பேன்னு எழுதச் சொன்னாரு?"

"தெரியலை மேடம்" என்றேன்.

டாக்டர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் எழுதுனதை மாத்திருறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

உள்ளே போய் இவர் காதருகே குனிந்து சொன்னேன். "ஏங்க, நீங்க குடிக்கலைன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ஏதோ கிருமியாம்." இரண்டு மூன்று முறை சொன்னேன். கண்ணைத் திறந்து என்னை யாரோ போலப் பார்த்தார்.

"வீட்டுக்காரம்மா, கலவை காயுது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார்.

ஆகஸ்ட் 16, சனி

சோலைராஜ் வீட்டுக்குப் போய்விட்டார். கட்டிலிலிருந்து இறங்கியதும் இவர் காலைத் தொட்டு, "சீக்கிரம் வந்துருங்கண்ணே" என்றார். பாண்டிமீனா தன் பிளாஸ்கை எனக்கு விட்டுப் போனாள். அவர்களைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது என்று எழுதினால் பாவம். ஆனால் அப்படித்தான் இருந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

வீட்டில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் அத்தையையும் சுபியையும் வரச் சொன்னேன். மூவருக்கும் எடுத்தார்கள். எனக்குப் பார்த்துத்தான் சொல்ல முடியும், சுபிக்குப் பயப்பட ஒன்றும் இருக்காது, பிறந்த உடனே தடுப்பூசி போட்டிருப்பார்கள் என்றார்.

இன்று இவருக்குத் தெளிவு வந்தது. மருந்து வேலை செய்கிறது என்றார்கள். சுபியை அடையாளம் கண்டு, "சாப்பிட்டியாம்மா?" என்றார். அத்தையிடம், "கண்ணாடி போடாம ஏன் பஸ் ஏறுன?" என்று கடிந்துகொண்டார். அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். நானும் அவரும் மட்டும் இருந்தோம். பேசலாம் போன்ற நேரம். கிருமி என்று வந்திருப்பதைச் சொன்னேன். "ம்" என்றார். ஊரில் மழை பெய்ததைச் சொன்னேன். புது வீட்டுக் குளியலறையை முருகபூபதியே முடித்துவிட்டான் என்றேன். "ஜாயின்ட்டு நேரா இருக்குதாமா?" என்று கேட்டார். இன்னொன்றும் சொல்ல இருந்தது. அதற்குள் நர்ஸ் ஊசி போட வந்தார். அவர் போனபிறகு, தலை வறண்டு கிடக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் எடுத்துத் தேய்த்துவிட்டேன். கண்ணை மூடி வாங்கிக்கொண்டார்.

நாளை சொல்லலாம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையில் மறுபடி ரத்தம். பாத்திரம் கொள்ளவில்லை. எல்லோரும் ஓடி வந்தார்கள். மத்தியானம் போய்விட்டார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஐந்து நாளாக எழுதவில்லை. வீடு நிறைய ஆட்கள். யாரோ சமைக்கிறார்கள், யாரோ பெருக்குகிறார்கள். என் கையில் வேலையே இல்லை.

சுபி அப்பாவின் போனை வைத்துக்கொண்டு அதில் அவர் எடுத்த படங்களைப் பார்க்கிறாள். எல்லாம் தரை, சுவர், தரை. முடித்த வேலையை எல்லாம் எடுத்து வைத்திருக்கிறார். ஒன்றில்கூட அவர் இல்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

டாக்டர் நிலோஃபர் போன் செய்தார். எனக்கு இல்லை, சுபிக்கு இல்லை. அத்தைக்கு இருக்கிறது.

"அவங்களுக்கு ஈரல் இன்னும் கெடலை. சிலருக்கு அப்படியே இருந்துரும். ஆனா தொடர்ந்து பார்க்கணும். கூட்டிட்டு வாங்க."

"அத்தைக்கு எப்படி மேடம்? இவருகிட்ட இருந்தா?"

"அவங்ககிட்ட இருந்து இவருக்கு வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்மா. பிரசவத்தப்ப அம்மாகிட்ட இருந்து பிள்ளைக்கு வர்றதுண்டு. அந்தக் காலத்துல தடுப்பூசி கிடையாதே. யாரையும் குத்தம் சொல்ல முடியாது."

எனக்கு உடனே ஜெயக்கொடி ஞாபகம். கேட்டேன்.

"பார்க்காம உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா சின்ன வயசுலயே ஈரல் சுருங்கிப் போயிருக்காருன்னா, இருந்திருக்கலாம். அன்னைக்கே அவருக்கு யாராச்சும் டெஸ்ட் பண்ணியிருந்தா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். நிறுத்தினாலும் எனக்குக் கேட்டது. அன்று பார்த்திருந்தால் வீட்டில் எல்லோரையும் பார்த்திருப்பார்கள். இவருக்கு அப்போதே மாத்திரை கொடுத்திருப்பார்கள். குடிகாரன் செத்தான் என்று எல்லோரும் அதோடு விட்டுவிட்டார்கள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இரண்டு நாள் சொல்லாமல் வைத்திருந்தேன். வயதானவர், இதைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. அங்கே மாத்திரை ஏதும் தந்தால் சத்து மாத்திரை என்று சொல்லிக் கொடுத்துவிடலாமா என்றும் யோசித்தேன். ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் அங்கே யாராவது சொல்லிவிடுவார்கள். என் வாயால் கேட்கட்டும் என்று இன்று காலை சொன்னேன்.

அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கடைசி வரை ஆய்ந்துகொண்டேதான் கேட்டார். முடித்ததும், "அப்ப, ஏங்கிட்ட இருந்துதான் சீனிக்குப் போயிருக்கு" என்றார்.

"இருக்கலாம்னுதான் சொன்னாங்க அத்தை. நீங்க தெரிஞ்சா குடுத்தீங்க?"

"ஜெயக்கொடிக்கும் இதுதானா?"

"அவருக்கு டெஸ்ட்டே பண்ணலையே அத்தை. இருந்திருக்கலாமாம்."

அத்தை கீரைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். காம்பை அள்ளிக்கொண்டு கொல்லைக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, "தண்ணி கேட்டான். தண்ணி கேட்டான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். நான் அருகில் போகவில்லை.

செப்டம்பர் 3, புதன்

கருமாதி முடிந்தது.

வாசலில் பந்தல் போட்டு மத்தியானச் சாப்பாடு. நான் உள்ளே இருந்தேன், அத்தை பந்தல் ஓரத்தில் நாற்காலியில் இருந்தார். ஆண்கள் பந்தியில் இவருடைய சித்தப்பா முறையுள்ள ஒருவர் சத்தமாகப் பேசினார். "தம்பிதான் அப்படின்னு பார்த்தா அண்ணனும் ரகசியமாக் குடிச்சிருக்கான்யா. ஆஸ்பத்திரியில அவனே வாயால ஒத்துக்கிட்டானாம்ல. நாமதான் உத்தமன்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம்."

முருகபூபதி சாம்பார் வாளியைத் தரையில் வைத்துவிட்டு, "யாரு சொன்னா ஒங்களுக்கு?" என்று எகிறினான்.

"ஊரே சொல்லுதுப்பா."

இந்தப் பேச்சு எப்படி ஊருக்குள் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. செல்லக்கனி அக்கா அடுப்பங்கரையில் என் பக்கத்தில்தான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்ச் சட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அப்போது அத்தை எழுந்தார். யாரும் எதிர்பார்க்கவில்லை. மெதுவாகப் பந்திக்கு நடுவே வந்து நின்றார். அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"எல்லாரும் கேட்டுக்கங்க. ஏம்புள்ளைக ரெண்டு பேரும் குடிச்சுச் சாகலை. எந்நோவுதான் அதுகளுக்கு வந்துச்சு. ஏம்வயித்துல இருந்து வரும்போதே வாங்கிட்டு வந்துருச்சுக. ஆஸ்பத்திரியில ரத்தத்தை எடுத்துப் பார்த்துச் சொல்லிட்டாங்க. பேசணும்னா என்னையப் பேசுங்க. என்னைய வையுங்க. அதுகளை விட்டுருங்க."

"அதுக்கு ஒன்னைய யாரு மதினி..." என்று ஆரம்பித்தார் அந்தச் சித்தப்பா.

"பெரியவன் ஒரு நாளும் தொட்டதில்ல. சின்னவன் திருநா கெழமையில குடிச்சான், நீரும்தான் அவங்கூட உக்காந்து குடிச்சீரு. நீரு இருக்கீரு, அவன் இல்ல. அது குடியா, நோவா?"

அத்தை நின்ற இடத்திலேயே நின்றார். "நான்தான் அவனுக்குத் தண்ணி ஊத்தலை" என்றார், இந்த முறை மெதுவாக. முருகபூபதி வந்து தோளைப் பிடித்து நாற்காலிக்குக் கூட்டிப் போனான்.

நான் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். அத்தை ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். நானும் வந்து ஒரு வார்த்தை சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். பாயசம் அடிப்பிடிக்கிற வாடை வந்தது. உள்ளே போய்விட்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் நிலோஃபர் அத்தையின் கையைப் பிடித்து, நல்லபடியாக இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டினால் போதும் என்றார்.

அத்தை கேட்டார். "நீங்க ஏதோ கணக்கு எடுக்குறீங்களாம்ல, யாரு யாருக்கு என்ன காரணம்னு. அதுல ஏம்புள்ளைய எதுல எழுதியிருக்கீங்க?"

"கிருமியிலதான் பாட்டி. குடியில இல்ல."

"சின்னவனை?"

"அவரு எங்ககிட்ட வரலையே பாட்டி."

அத்தை தலையாட்டினார். சரி என்று ஆட்டியதாகத் தெரியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஊர் தாண்டி வெட்டவெளி வந்ததும் அத்தை என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அவன் குடிப்பானான்னு எல்லாரும் கேட்டுருப்பாக. ஆஸ்பத்திரியில கேட்டுருப்பாக, ஊருல கேட்டுருப்பாக. பெத்தவ நானே ஒரு நிமிசம் நெனச்சுட்டேன். நீயுமாடான்னு கேட்டுட்டேன். அவன் மூஞ்சி எப்படிப் போச்சுன்னு கண்ணுக்குள்ளயே நிக்குது." பிறகு சொன்னார். "நீ ஒருத்தியாச்சும் கடேசி வரைக்கும் அவனை நம்புனியே ஆத்தா. அந்த நெனப்போட போயிருப்பான். எனக்கு அது போதும்."

கண்டக்டர் வந்தார். இரண்டு டிக்கெட் வாங்கினேன். அவர் போகும்வரை அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா அத்தை" என்றேன்.